நடுங்கும் கையும் தேரி நடையும்

சாத்தான்குளத்துக்கு வடக்கே சென்றால் நாசரேத், குரும்பூர்ப் பக்கங்களில் தாமிரபரணியின் கால்வாய் நீர் பாயும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் காணப்படும். கிழக்கிலும் தெற்கிலும் சென்றால், தேரி என்று ஜனங்கள் வழங்கும் செம்மணல் மேடுகளும் அவற்றையொட்டிய பனங்காடுகளுமே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். இவ்விருவகை நிலங்களுக்கும் நடுவே அமைந்த அவ்வூரிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள், பஸ்ஸும் தார்ச்சாலையும் பெருகுவதற்கு முன்னிருந்த காலத்தில், இருவேறு நடைகளைப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. தேரியில் நடப்பவன் கணுக்கால் புதையும் மணலிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் பாதத்தைத் தூக்கி, கால்களைச் சற்றே அகட்டி வைத்துப் போகிறான். வயல் வரப்பில் நடப்பவனோ, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து, சரீரத்தின் பாரம் முழுவதையும் ஒரே கோட்டின்மேல் நிறுத்திக்கொண்டு போகிறான். வரப்பில் தடுமாறுகிறவரை அண்டை வயற்காரர் கண்டுகொள்வார்; தேரி எல்லோரையுமே சிறிது தள்ளாட வைப்பதால், அங்கே ஒருவரது தடுமாற்றத்தைப் பிறர் எளிதில் அறியமாட்டார்.

இப்பிரதேசத்தில் மனிதன் நடந்த வரலாறு மிகப் பழமையானது. தேரி மணலில் கிடைக்கும் சிறு கற்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் ஆல்சினும் 1956-ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை தொல்பொருள் அறிஞர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. அண்மைக் காலத்துக்கு வந்தால், 1841-இல் ராபர்ட் கால்டுவெல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, பல ஜில்லாக்களைக் கடந்து, தெற்கேயுள்ள இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். நடந்தாலன்றி ஒரு தேசத்தையும் அதன் ஜனங்களையும் அறிய முடியாது என்று கருதிய அந்தப் பாதிரியார் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது, நடையையே ஜீவனமாகக் கொண்ட ஒரு தொழிலாளர் கூட்டத்தின் நடுவே என்பது கவனிக்கத் தக்கது. பனையேறிகளைத்தான் சொல்கிறேன்.

பனையேறியின் தொழிலை மரம் ஏறும் தொழில் என்று மட்டும் எண்ணுவது, அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களின் எண்ணம். ஏறுவதைப் போலவே நடப்பதும் அத்தொழிலின் பெரும்பகுதி. பங்குனியில் பாளை விட்ட பனைகளைத் தேர்ந்து, அன்று முதல் பருவம் முடியும் வரை விடியுமுன் எழுந்து, அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, முருக்குத்தடியைத் தோளில் சாத்திக்கொண்டு, மரத்துக்கு மரம் மணலில் நடந்து, காலையும் மாலையும் தன் பங்குப் பனைகள் அத்தனையையும் ஏறி இறங்க வேண்டும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதன்மேல் மிதித்து முதல் உயரத்தை எட்டிய பிறகு, கால்களில் மாட்டிய தளைநாரும் மரத்தைக் கட்டிய கைகளுமே துணை. உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உடலை நிலைநிறுத்திக்கொண்டு, கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியைப் பாளை அரிவாளால் சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பாளை சில தினங்களில் தீர்ந்து போகும், சீவாமல் விட்டால் நீர் வடியாது. இலை போல் மெல்லிய அந்தச் சீவலில்தான் ஒரு குடும்பத்தின் அந்த வருஷத்து வருமானம் இருந்தது. பிறகு சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, நிறைந்த கலயத்தின் பதநீரைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, அதே தளைநாரை நம்பி இறங்க வேண்டும். கீழே விடிலியில் அவன் மனைவி அடுப்பு மூட்டிக் காத்திருப்பாள். நீர் புளிக்குமுன் காய்ச்சினால்தான் கருப்பட்டி கூடும்.

இத்தனையும் கையின் திடத்தையும் பாதத்தின் திடத்தையும் ஒருசேரக் கேட்கிற காரியங்கள். ஆகவே, இத்தொழிலைக் கைவிட்ட முதியவர்களைப் பற்றி அந்த ஊர்களில் பேசும்போது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்வது காரணத்தில் ஒரு பாதியைச் சொல்வதேயாகும் என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதி காலில் இருந்தது. அதை ஜனங்களும் கவனிக்கவில்லை, நெடுங்காலம் வைத்திய சாஸ்திரமும் கவனிக்கவில்லை.

வைத்தியர்கள் எஸென்ஷியல் டிரெமர் என்று குறிக்கும் நோய் ஒன்று உண்டு. பல வம்சங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதால் அதைக் குடும்ப நடுக்கம் என்றும் சொல்லலாம். கை சும்மா இருக்கும்போது அமைதியாயிருக்கும். காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போதும், கையெழுத்துப் போடும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும் ஒரு விநாடியில் நான்கு முதல் பன்னிரண்டு தடவை வரை அசையத் தொடங்கும். சிலருக்குத் தலை பக்கவாட்டில் ஆடும். சிலருக்குக் குரல் நடுங்கும். பார்க்கின்ஸன் வியாதியிலோ நேர்மாறாக, மடியில் ஓய்ந்து கிடக்கும் கையே நடுங்கும், உடல் விறைக்கும், அடிகள் குறுகி, கால் தேய்த்துத் தேய்த்து நடக்கும். ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் வைத்தியர் 1817-இல் ஆறு நோயாளிகளைக் கொண்டு எழுதிய சிறு நூலிலேயே நடையின் சீர்கேட்டை விவரித்துவிட்டார். அவ்வியாதியின் பெயரோடு நடையும் சேர்ந்தே பிறந்தது.

குடும்ப நடுக்கத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. இத்தாலியில் பூரேஸி 1874-இலும், அமெரிக்காவில் சார்லஸ் டானா 1887-இலும் அதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். 1949-இல் இங்கிலாந்தின் கிரிச்லி அதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்களுக்குப் பின் வந்தவர்களிலும் பெரும்பாலோர் கையையே பார்த்தார்கள். பிராணபயம் இல்லாத நோய், மூப்பில் மிகுந்து வரும், பலர் நீண்ட ஆயுளோடு இருப்பார்கள் என்ற அளவில் திருப்தியடைந்து, நோயாளிக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1994-இல்தான் இந்நோயாளிகளை ஒரு கோட்டின்மேல் குதிகாலும் பெருவிரலும் ஒட்டுமாறு நடக்கச் சொல்லி, ஒத்த வயதினரைக் காட்டிலும் அவர்கள் அதிகமாகத் தடுமாறுவதை ஓர் ஆய்வு தெளிவாக எடுத்துக் காட்டியது. 2001-இல் ஜெர்மனியிலுள்ள கீல் நகரத்து வைத்தியர்கள், நோய் முற்றியவர்களின் நடை சிறுமூளை கெட்டவர்களின் நடையை ஒத்திருப்பதை அளந்து கண்டார்கள். நம்மூர் வரப்பு, எத்தனையோ தலைமுறைகளாக ஒவ்வொரு முதியவருக்கும் அதே சோதனையை வைத்துக்கொண்டிருந்தது. அதன் முடிவை எழுதிவைப்பார்தான் இல்லை.

சிறுமூளை என்ற உறுப்பு பிடரியின் உட்புறத்தில் இருக்கிறது. ஓர் அவயவம் எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவில், எந்தக் கணத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கை ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டிருப்பது அதன் வேலை. அக்கணக்கு பிசகும்போது கை இலக்கைத் தாண்டியும் குறைந்தும் ஊசலாடுகிறது. அதே பிசகு காலுக்கும் இடுப்புக்கும் வரும்போது, நடுக்கமாகத் தோன்றாமல், தயக்கமாகவும் தடுமாற்றமாகவும் தோன்றுகிறது. அத்தகையவர் மெதுவாக நடக்கிறார், அடியைக் குறுக்கிக்கொள்கிறார், இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையில் ஊன்றியிருக்கும் நேரத்தை நீட்டிக்கொள்கிறார், திரும்பும்போது நின்று நிதானித்துத் திரும்புகிறார், நடந்துகொண்டே பேசச் சொன்னால் பேச்சை நிறுத்துகிறார் அல்லது நடையை நிறுத்துகிறார். தலையாட்டம் உள்ளவர்களிடமும், வயது முதிர்ந்தவர்களிடமும் இது அதிகம். எல்லோருக்கும் இது வருவதில்லை; பலருக்குச் சோதனையில் மட்டுமே புலப்படும் அளவில் நின்றுவிடும். ஆனால் ஒரு முறை விழுந்தவருடைய மனத்தில் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் குடிகொண்டுவிடுகிறது; அவ்வச்சமே பிறகு நோயைக் காட்டிலும் அதிகமாக அவரை வீட்டுக்குள் நிறுத்திவைக்கிறது.

நம்முடைய வைத்திய மரபில் இந்நோய் வாதத்தின் கீழ் வைத்து எண்ணப்பட்டது. வாதரோகங்கள் எண்பது என்று யூகி வைத்திய சிந்தாமணி வகுக்கிறது. நடுக்கத்தை ஆயுர்வேத ஆசாரியர்களும் வாதத்தின் குணங்களில் ஒன்றாகவே சொன்னார்கள். நடுக்குவாதம், கம்பவாதம் என்ற பெயர்கள் திருநெல்வேலிச் சீமை வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவை. இவ்வகுப்பில் நான் மேலே பிரித்துச் சொன்ன இரண்டு நோய்களும் கலந்தே கிடந்தன. அக்கலப்பின் விளைவைப் பூனைக்காலி வித்தில் காணலாம். நம் வேலிகளில் படர்ந்து, மேலே பட்டால் அரிப்பெடுக்கும் அக்கொடியின் வித்திலிருந்து லெவோடோபா என்ற பொருளைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தார்கள். அதே பொருள்தான் ஒரு தலைமுறை கழித்துப் பார்க்கின்ஸன் வியாதிக்கு மருந்தாகி உலகெங்கும் வழங்கலாயிற்று. ஆக, கம்பவாதத்துக்குப் பூனைக்காலி சூரணம் கொடுத்த நாட்டு வைத்தியர் ஒரு நோயாளிக்கு மெய்யான நன்மையையே செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்ப நடுக்கக்காரருக்கோ அதே சூரணத்தால் பயன் விளைந்திராது. ஒருவர் குணம் கண்டு மற்றவர் காணாததற்கு அக்காலத்தில் விதியைத் தவிர வேறு சமாதானம் சொல்ல வழியில்லை.

பனங்காட்டில் இந்நோய்க்கு வேறொரு சிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அது கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே பதநீர் சில நாழிகையில் கள்ளாகிவிடும். குடும்ப நடுக்கம் உள்ளவர்களில் பலருக்குச் சிறிது மது உட்கொண்டவுடன் நடுக்கம் தணிவது உலகெங்கும் கண்ட உண்மை. கீல் நகரத்தில் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அப்படிப்பட்டவர்களின் நடைத் தடுமாற்றமும் அந்நேரத்துக்குக் குறைவதாகக் கண்டது. மற்ற மனிதரைத் தள்ளாட வைக்கும் மது இவர்களைச் சற்று நேராக நடக்க வைக்கிறதென்பது விந்தையாகத் தோன்றும். ஆனால் அதன் வேகம் இறங்கியதும் நடுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்புகிறது. காலையில் நடுங்கும் கையோடு ஒரு கலயத்தைத் தேடிய முதியவரை ஊரார் என்ன நினைத்திருப்பார்கள்? குடியால் நடுங்குகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். நடுக்கத்தால் குடிக்கிறான் என்று நினைக்கக் காரணமே தெரிந்திராது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948-இல் வந்தது. இடையில் சில வருஷங்கள் தளர்ந்து, 1987 முதல் கள் இறக்குவது மீண்டும் தடுக்கப்பட்டிருக்கிறது. அத்தடையின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரைக்குப் புறம்பு. மதுவை இந்நோய்க்கு மருந்தாகக் கொள்வது அடிமைத்தனத்துக்கே வழி என்பதில் வைத்தியர்களுக்குள் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஆயினும், நடுங்கியதற்காகவே குடிகாரர் என்று பெயர் வாங்கி இறந்துபோன கௌரவமான மனிதர்கள் எத்தனை குடும்பங்களில் இருந்திருப்பார்களோ என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது குலசாஸ்தா வழிபாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாமிரபரணிச் சீமையில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று சென்னையிலும் பம்பாயிலும் கொழும்பிலும் குடியேறியவர்கள்கூடத் தங்கள் தகப்பன் வழிச் சாஸ்தாவைத் தேடி வந்து பொங்கலிட்டு வணங்குவது இன்றளவும் குறையாத வழக்கம். அக்கோயில்களில் பல காட்டிலும் குளக்கரையிலும் மணற்பரப்பிலும் இருக்கின்றன. காயாமொழிக்கு அருகே தேரிக்குடியிருப்பில் உள்ள கற்குவேல் அய்யனார் கோயிலும், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் செம்மணல் தேரியிலேயே அமைந்தவை. ஒரு வம்சத்தின் மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே பந்தலின் கீழ் கூடுகிற நாள் வருஷத்தில் அது ஒன்றே என்று சொல்லலாம். பாட்டனார் விபூதியை எடுக்கும்போது கை ஆடுவதும், பெரியப்பா தீபாராதனைத் தட்டைத் தொடும்போது விரல்கள் அசைவதும், நடுவயதுச் சித்தப்பா பானகத் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வதும் அன்று ஒரே பார்வையில் தென்படும். இந்நோய் பல குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறங்கக்கூடியது. ஆண் பெண் என்ற பேதம் அதற்கு இல்லை. ஆனால் மணமாகிப் போன பெண் தன் கணவனுடைய சாஸ்தாவுக்குச் சொந்தமாகிவிடுகிறாள். அவள் பிள்ளைகள் வேறொரு கோயிலில், வேறொரு கூட்டத்தில் நின்று நடுங்குகிறார்கள். ஒரே கிளையின் நடுக்கம் இவ்வாறு இரண்டாகப் பிரிந்து நின்றதனால், அதை வம்சத்தின் சொத்து என்று எண்ணியவர்களும் பாதிக் கணக்கையே கண்டார்கள்.

கணக்கு எடுப்பதில் பம்பாய்ப் பார்ஸிகள் நமக்கு முன்னோடிகள். அந்நகரத்துப் பார்ஸிக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று சுமார் 14,000 பேரைப் பரீட்சித்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் இந்நடுக்கம் உடையவர்கள் என்று கண்டார்கள். இது பார்க்கின்ஸன் வியாதியைப் போலப் பல மடங்கு. பார்ஸிகள் முதியோர் மிகுந்த சமூகமாதலால் அவ்விகிதத்தை அப்படியே நம் ஊர்களுக்குப் பொருத்திவிடக் கூடாது. எனினும், இது அபூர்வமான நோயன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சிகிச்சையின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1870-இல் ஸ்டிராசன் என்ற மருத்துவ மிஷனரி நாசரேத்தில் தொடங்கிய வைத்தியசாலை இப்பகுதியின் பழமையான ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. இதற்கிடையே சென்னையில் பி. ராமமூர்த்தி 1950-இல் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி, பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா முதலியோரோடு சேர்ந்து, மூளையின் ஆழத்தில் தாலமஸ் என்னும் பகுதியில் ஊசி நுனியளவு இடத்தைக் குறிபார்த்து நடுக்கத்தை அடக்கும் முறையைக் கையாண்டார். ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுத்துவந்த புரோபிரனலால் என்ற மாத்திரை இந்நடுக்கத்துக்கும் உதவும் என்பது 1970-களில் தெரியவந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. வலிப்புக்கான பிரிமிடோன் 1981-க்குப் பின் துணையாயிற்று. இவையெல்லாம் கைக்குக் கிடைத்த வரங்கள். தம்ளரைச் சிந்தாமல் பிடிக்கவும், கையெழுத்தைத் தெளிவாகப் போடவும் எத்தனையோ பேருக்கு இவை உதவியிருக்கின்றன. நடைக்கு அவற்றால் அவ்வளவு லாபம் இல்லை. தலையின் இரு பக்கத்திலும் செய்யும் அறுவை சிலருக்குச் சமநிலையை மேலும் கெடுப்பதும் உண்டு.

பனையேறும் தொழிலோ வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது. 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்தில் சாத்தான்குளம் சேர்ந்தபோதே, பனையேறிகளின் பிள்ளைகளில் பலர் வெளியூர்களில் கடை வைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழத் தொடங்கியிருந்தார்கள். ஊரில் இருப்பவர்களும் அடுத்த தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். தளைநாரும் வரப்பும் முன்போல் முதியவரின் பாதத்தைச் சோதிப்பதில்லையாதலால், நடைத் தடுமாற்றம் முன்னைவிட அதிக நாள் மறைந்திருந்து, குளியலறை வழுக்கலிலோ இருட்டில் படி இறங்கும்போதோ திடீரென்று வெளிப்படுகிறது. தொடை எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகே அவர் சில வருஷங்களாகச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தது வீட்டாருக்கு நினைவுக்கு வருகிறது.

மற்ற முதியவர்களுக்கு ஒரு கைத்தடியைக் கொடுத்தால் போதும். குடும்ப நடுக்கம் உள்ளவருக்குத் தடியை ஊன்றும் கையே நடுங்குவதால், தடியின் நுனி நினைத்த இடத்தில் பதிவதில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் நான்கு கால் நடைச்சட்டம் அவர்களில் பலருக்கு ஏற்றது. கால் தசைகளுக்கும் சமநிலைக்கும் பிசியோதெரபி நிபுணர்கள் கற்றுக்கொடுக்கும் பயிற்சி, பாதத்தைப் பற்றிக்கொள்ளும் செருப்பு, இரவில் அணையாத ஒரு விளக்கு, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி ஆகிய இவை நடைக்கு இன்று மாத்திரைகளைக் காட்டிலும் அதிகம் செய்யக்கூடியவை. ஆனால் நடைச்சட்டம் தேரி மணலில் புதைந்துவிடும். பங்குனி உத்திரத்தன்று தார்ச்சாலை முடியும் இடத்தில் வேனை நிறுத்திவிட்டு, நடக்க முடிந்தவர்கள் மணலில் இறங்கிக் கோயிலுக்குப் போக, பெரியவர்கள் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து யாராவது கொண்டுவரும் விபூதியை வாங்கிக்கொள்வது இப்போது பல குடும்பங்களில் வழக்கமாகிவருகிறது. சாலையிலிருந்து சன்னிதி வரை மணலின்மேல் பனஞ்சட்டங்களைப் பரப்பி, இருபுறமும் இடுப்பளவு உயரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பு நட்டால், அவர்களில் அநேகர் தாமாகவே நடந்து வந்துவிடுவார்கள். சட்டத்துக்கு வேண்டிய வைரம் பாய்ந்த பனைகள் அக்கோயில்களைச் சுற்றியே நிற்கின்றன, செலவை ஏற்கக்கூடிய பிள்ளைகளும் அன்று அங்கேதான் இருக்கிறார்கள்.